அச்சாணியும் கம்பிவடமும்: பழைய கேடலீனா 22 படகின் மடக்குக் கீல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய கேடலீனா 22 பாய்மரப் படகு ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் பாயை விரித்துப் பார்ப்பார். அடுத்து உள்ளே போய் மெத்தையைத் தட்டிப் பார்ப்பார். பிறகு மோட்டாரைக் கிளப்பச் சொல்லிக் கேட்பார். மூன்றுமே காசு கொடுத்தால் கடையில் கிடைப்பவை. வாங்கலாமா கூடாதா என்பதைச் சொல்லக்கூடிய இரண்டு பொருள்கள் படகுக்கு அடியில் இருக்கின்றன; அவற்றைப் பார்க்கத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். ஒன்று, ஓர் அங்குலத் தடிமனுள்ள அச்சாணி. மற்றொன்று, சுண்டுவிரலைவிட மெல்லிய கம்பிவடம். 250 கிலோ வார்ப்பிரும்பு இந்த இரண்டிலும்தான் தொங்குகிறது.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது 1970களில் கட்டப்பட்டு, இன்று அமெரிக்காவில் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறும் மடக்குக் கீல் கேடலீனா 22. கீல் என்பது படகின் அடியில் நீருக்குள் நீண்டு, படகைக் கவிழாமல் நிறுத்தும் எடை; மடக்குக் கீலை மேலே மடக்கிக்கொள்ளலாம். இதே வகைக் கீல் உள்ள மற்ற சிறு படகுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படகின் பின்னணி

ஃபிராங்க் பட்லர் கலிபோர்னியாவில் கேடலீனா யாட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதே இந்தப் படகை வைத்துத்தான். 1970ஐ ஒட்டி வெளிவந்த இது பின்னர் 15,000க்கும் மேல் கட்டப்பட்டது. நீளம் 21 அடி 6 அங்குலம் (6.55 மீட்டர்), அகலம் 7 அடி 8 அங்குலம் (2.34 மீட்டர்). அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துச் செல்லக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். அதற்குள் படகு அடங்கிவிடுகிறது. வெறும் எடை ஏறத்தாழ 1,020 கிலோ. பாய்ப்பரப்பு 212 சதுர அடி. நீர்மட்ட நீளம் 19 அடி 4 அங்குலம் என்பதால் வேகம் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) பக்கத்தில் போய் நின்றுவிடும். இவையெல்லாம் இதே அளவுள்ள பல படகுகளுக்கும் பொதுவானவை. இதைத் தனித்துக் காட்டுவது இன்னொரு கணக்கு: கீலை இறக்கினால் 5 அடி ஆழம் தேவை, ஏற்றினால் 2 அடி போதும். மணல் திட்டுக்கு அருகில் போக முடிவதும், டிரெய்லரில் தாழ்வாக உட்கார முடிவதும், மாத வாடகைக்குத் துறையில் இடம் பிடிக்காமல் வீட்டு முற்றத்தில் நிறுத்த முடிவதும் அந்த 3 அடி வித்தியாசத்தால்தான். படகு மலிவாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

கப்பலின் அடிமுதுகெலும்பைத் தமிழில் ஏரா என்பார்கள். படகுக்காரர்கள் வாயில் அது கீல்தான். கதவைத் தாங்கிச் சுழலவைக்கும் உறுப்புக்கும் நாம் கீல் என்றே சொல்கிறோம். இந்தப் படகில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன: கீலே ஒரு கீலில்தான் தொங்குகிறது.

அமைப்பு

மடக்குக் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் அலகுபோல் கீல், பிடிபோல் படகின் வயிற்றுக்குள் நீளும் பொந்து. கீலின் முன்முனையில் துளை இருக்கிறது, அதில் அச்சாணி. அச்சாணியின் இரு முனைகளையும் இரண்டு உலோகத் தாங்கிகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு தாங்கியும் இரண்டு போல்ட்டுகளால் கீழிருந்து படகுடலோடு முறுக்கப்பட்டிருக்கும். கீலின் பின்பகுதியில் ஒரு கண்போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்). அதில் 3/16 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவடம் மாட்டியிருக்கும். வடம் படகுடலில் பதித்த ஒரு குழாய் வழியாக உள்ளே ஏறி, ஓர் உருளையில் திரும்பி, உள்ளறைப் படிக்குப் பின்னால் இருக்கும் கை விஞ்ச்சில் (கைப்பிடியைச் சுழற்றி வடத்தைச் சுருட்டும் கருவி) சுற்றிக்கொள்கிறது. அந்தக் குழாயின் வாய் எரிமலைபோல் கூம்பி இருப்பதால் அதை ‘வால்கேனோ’ என்றே அழைக்கிறார்கள். அதன் மேல் ஒரு ரப்பர் ஹோஸ், ஹோஸுக்கு மேலும் கீழும் கிளாம்ப்.

இந்த ஹோஸ் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது கிழிந்தால் படகுக்குள் நேராகக் கடல்தான். நாற்பது ஐம்பது வருடப் படகில் முதல் நாள் போட்ட ஹோஸே இன்னும் இருக்க வாய்ப்புண்டு; அதைக் கண்டால் பேரம் பேசும் முன்பே மாற்றுச் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறிகள்

வழக்கமாக மூன்று புகார்கள் வரும். நங்கூரமிட்டு நிற்கும்போது, சின்ன அலைக்குக்கூட அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்ற சத்தம். நாலரை, ஐந்து நாட் வேகத்தில் படகு முழுக்க ஒரு ரீங்காரம். விஞ்ச் கைப்பிடி சில இடங்களில் இறுகி, சில இடங்களில் சட்டென்று இலேசாவது.

ரீங்காரம் ஆபத்தில்லாதது. நீரோட்டத்தில் விறைப்பாக நிற்கும் கம்பிவடம் வீணைத் தந்திபோல் அதிர்வதுதான் அது. வெளியே தெரியும் வடத்தில் ஆறேழு இடங்களில் பிளாஸ்டிக் டைகளைக் கட்டி, வால்களை வெட்டாமல் விட்டால் அதிர்வு உடைந்துவிடும். அதோடு இதை மறந்துவிடலாம்.

டொக் சத்தம் அப்படியல்ல. தாங்கிகளுக்கும் கீலுக்கும் நடுவே பக்கவாட்டு இடைவெளி கூடிவிட்டதால், கீல் ஊசல்போல் ஆடிப் பொந்தின் சுவரில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் அச்சாணியைக் கொஞ்சம் தின்கிறது, கீலின் துளையைக் கொஞ்சம் நீள்வட்டமாக்குகிறது. இடைவெளி இன்னும் கூடுகிறது, மோதலும் வலுக்கிறது. சத்தத்தோடு வாழப் பழகிக்கொண்ட உரிமையாளரின் படகில்தான் அச்சாணி மிகவும் மோசமாக இருக்கும்.

கைப்பிடி இறுகுவதற்குக் காரணம் துருவாக இருக்கலாம், பொந்துக்குள் ஒட்டிய சிப்பியாக இருக்கலாம், முன்பு யாரோ கீலின் மேல் தாராளமாகப் பூசிய பட்டியாகவும் இருக்கலாம்.

தேய்மானம் எங்கிருந்து வருகிறது

முதல் சந்தேகம் உப்பின் மேல்தான் போகும், அது நியாயமும்தான். வார்ப்பிரும்புக் கீலும் வெண்கலமோ துருப்பிடிக்காத எஃகோ ஆன அச்சாணியும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். அதனால் கீலின் துளை அச்சாணியைவிட வேகமாக அகலும். நன்னீர் ஏரியிலேயே வாழ்ந்த படகுக்கும் கடலில் வாழ்ந்த படகுக்கும் வயது ஒன்றானாலும் கீல் ஒன்றல்ல. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, படகு எந்த வருடத்தது என்பதல்ல, எந்தத் தண்ணீரில் இருந்தது என்பதே.

ஆனால் சாலையும் உப்புக்குச் சளைத்ததல்ல. டிரெய்லரின் நடுவில் கீலைத் தாங்க ஒரு பலகை இருக்கும். படகை ஏற்றியதும் விஞ்ச்சைத் தளர்த்திக் கீலின் எடையை அந்தப் பலகை மேல் உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் வடத்திலேயே தொங்கவிட்டு 200 கிலோமீட்டர் ஓட்டினால், சாலையின் ஒவ்வொரு குழியிலும் கால் டன் இரும்பு குதித்து விழுகிறது. வடம், கண்போல்ட், அச்சாணி, விஞ்ச் நான்கும் அடி வாங்குகின்றன. தண்ணீரில் ஒரு பருவம் முழுக்கத் தேயாதது ஒரே பயணத்தில் தேயும்.

மூன்றாவது, தரைதட்டுவது. கீல் அடியில் இடித்தால் பின்னால் மடங்கி மேலே வரும், படகு தப்பிக்கும். மடக்குக் கீலின் அழகு அது. ஆனால் அந்த நேரத்தில் வடம் தளர்கிறது. மேட்டைத் தாண்டியதும் கீல் தடாலென்று கீழே விழுந்து, தளர்ந்த வடத்தைச் சுண்டி இழுக்கிறது. தட்டியது தெரிந்தவுடன் செய்ய வேண்டியது தளர்வைச் சுருட்டி எடுப்பது. சுக்கானைத் திருப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய வடத்தின் வலு கீலின் எடையைவிடப் பல மடங்கு. ஆகவே அது பாரம் தாங்காமல் அறுவதில்லை. உருளையில் வளைந்து நிமிர்ந்து ஓய்ந்த இடத்திலோ, நுனியில் நசுக்கிப் பொருத்திய உலோக உறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அரித்த இடத்திலோதான் அறும். பாதி இறங்கிய நிலையில் அறுந்தால் கீல் முழு வேகத்தில் வீசி, பொந்தின் முனையில் அடிக்கும். கண்ணாடியிழை விரிசல் விட அது போதும்.

பரிசோதனை

டிரெய்லரில் படகு நிற்கும்போதே பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். பழைய துணி, டார்ச், வெர்னியர் காலிப்பர், நீள ஸ்குரூடிரைவர் போதும்.

துணியால் வடத்தை மேலிருந்து கீழாக அழுத்தித் துடையுங்கள். நூல் எங்காவது மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை அறுந்தாலே வடம் முடிந்தது. கையுறை இல்லாமல் விரலால் இதைச் செய்யாதீர்கள், இழை ஊசிபோல் ஏறும். அடுத்து ஹோஸைக் கசக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ கல்போல் விறைத்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். கிளாம்ப்பின் திருகுப் பகுதி துருவேறியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

தாங்கிகள் படகுடலோடு ஒட்டும் கோட்டைப் பாருங்கள். இடைவெளியோ பழுப்பு வடிகாலோ தெரிந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே அரித்திருக்கிறது. சுற்றிலும் சிலந்திவலை விரிசல் இருந்தால் எப்போதோ கீல் பலமாக இடித்திருக்கிறது. பிறகு கீலின் முன்முனைக்கும் தாங்கிக்கும் நடுவே ஸ்குரூடிரைவரை நுழைத்து மெதுவாக நெம்புங்கள். பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அசைந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் கீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உறுதியான விடை அச்சாணியை வெளியே எடுத்த பிறகுதான் கிடைக்கும்: தாங்கி பிடிக்கும் இரு முனைகளிலும் கீல் உட்காரும் நடுப்பகுதியிலும் விட்டத்தை அளந்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் புதிது போடுவது எங்கள் அளவுகோல். விலை குறைந்த பொருள். சந்தேகம் வந்தாலே மாற்றுவது நல்லது.

கழற்றிப் பூட்டுதல்

இரண்டு பேருக்கு ஒரு வார இறுதி வேலை, கூடவே லேத் பட்டறைக்கு ஒரு நடை. தனியாகச் செய்யக் கூடாது. 250 கிலோ இரும்பு நழுவினால் கால் மிஞ்சாது.

படகின் எடை கீலின் மேல் இல்லாதபடி இருபக்கமும் உறுதியான தாங்குகட்டைகளை வையுங்கள். கீலின் கீழே சக்கரம் வைத்த தாழ்வான வண்டியையும், அதன் அடியில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு ஜாக்குகளையும் வைத்து, கீல் முழுக்க வண்டியில் உட்கார்ந்ததை உறுதி செய்த பின் விஞ்ச்சைத் தளர்த்துங்கள். வடத்தைக் கண்போல்ட்டோடு இணைக்கும் முள்ளைக் கழற்றுங்கள். தாங்கி போல்ட்டுகளுக்கு முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். கீல் சாய்ந்து அச்சாணி நெருக்கிக்கொள்ளும், கடைசி போல்ட் முறியும். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாறி மாறித் தளர்த்த வேண்டும். இந்தப் போல்ட்டுகள் படகுடலுக்குள் பதித்த உலோகத்தில் மரையிறங்குபவை. மேலே நட்டு கிடையாது. முறிந்தால் உள்ளே தங்கிவிடும், துளைத்து எடுப்பது கொடுமையான வேலை. பொறுமைக்கு இங்கே நேரடியாகப் பணமதிப்பு உண்டு.

கீல் வெளியே வந்ததும் துளையைப் பாருங்கள். நீள்வட்டமாகியிருந்தால் பட்டறையில் பெரிதாக்கி வெண்கல புஷ் (துளைக்குள் பொருந்தும் குழல்) ஒன்றை இறக்கச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்து நிரப்பும் யோசனை வரும். வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டில் விரிசல் விடக்கூடியது என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

துருவை நீக்க மணல்வீச்சு சிறந்தது. பளபளக்கும் இரும்பு தெரிந்தபின் நேரம் உங்கள் எதிரி: கடலோர ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பூக்கும். அதே நாளில் முதல் எபாக்சிப் பூச்சை முடித்துவிட வேண்டும். அதன் மேல் மூன்று நான்கு பூச்சு, குழிகளுக்கு மட்டும் எபாக்சிப் பட்டி, கடைசியில் பாசியெதிர்ப்புப் பெயிண்ட். செம்பு கலந்த பெயிண்ட் வெறும் இரும்பைத் தொட்டால் இரும்பை அரிக்கும். ஊசிமுனை அளவுகூடத் திறப்பு இல்லாமல் எபாக்சி மூடியிருப்பது அதனால்தான் முக்கியம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கீலை விமான இறக்கைபோல் அழகாக்கும் ஆசையில் பட்டியைத் தடிமனாகப் பூசுவது. பொந்தின் அகலம் மாறாதே. வறண்ட முற்றத்தில் இலேசாக உரசிச் செல்லும் கீல், இரண்டு மாதம் தண்ணீரில் நின்று சிப்பி ஒட்டியதும் மேலேறாமல் சிக்கிக்கொள்ளும். பூசுவதற்கு முன்பே பொந்தின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். பெயிண்ட்டையும் சேர்த்து இருபக்கமும் 3 மில்லிமீட்டராவது காலியாக இருக்கட்டும்.

பூட்டும்போது கீலுக்கும் தாங்கிகளுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் வாஷர்களை இருபக்கமும் சமமாகச் சேர்த்தால் டொக் சத்தம் அடங்கும். முழு இடைவெளியையும் அடைக்காதீர்கள், கீல் தன் எடையிலேயே இறங்க வேண்டும். போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். வடம், ஹோஸ், கிளாம்ப், கண்போல்ட் முள் எல்லாம் இப்போதே மாற்றப்பட வேண்டியவை. உப்புநீரில் ஓடும் படகுக்கு வடத்தை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, நன்னீரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது போதும் என்பது எங்கள் கணிப்பு.

விஞ்ச் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரேக் உள்ள விஞ்ச்சில், கைப்பிடியை விட்டாலும் உராய்வுத் தட்டுகள் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். பல்சக்கரத்துக்குப் போடும் கிரீஸை அக்கறையோடு அந்தத் தட்டுகளுக்கும் போட்டுவிடுவார்கள். பிறகு பிரேக் பிடிக்காது, கைப்பிடி காற்றாடிபோல் சுழன்று மணிக்கட்டை உடைக்கும். பிரேக் இல்லாத பழைய வகை விஞ்ச் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பூட்டும் போல்ட்

பொந்தின் பக்கத்திலிருந்து கீலை அழுத்திப் பிடிக்கும் ஒரு போல்ட் உண்டு. அதை எப்போது இறுக்குவது என்பதில் படகுக்காரர்களிடையே ஓயாத வாதம். இறுக்கிவிட்டுத் தரைதட்டினால் கீல் மடங்காது, அடி முழுவதும் பொந்துக்கும் தாங்கிக்கும் போகும். இறுக்காமல் பெருங்காற்றில் படகு கவிழ்ந்தால், கீல் தன் எடையாலேயே பொந்துக்குள் திரும்ப விழுந்துவிடும். வடம் கீலைக் கீழே விழாமல் பிடிக்குமே தவிர, மேலே போகாமல் தடுக்காது. நிமிர்த்த வேண்டிய எடை நெம்புகோல் இல்லாமல் கிடக்கும்.

எங்கள் முடிவு: ஆழ்கடலில் இறுக்கு, ஆழம் 3 மீட்டருக்குக் குறைந்தால் தளர்த்து. கையால் இறுக்கும் அளவு போதும். அதுவும் வெறும் உராய்வுப் பிடிதான். எனவே உண்மையான பாதுகாப்பு, காற்று 12 நாட் வேகத்தைத் தாண்டும்போதே பெரிய பாயைச் சுருக்கி, முன்பாயைச் சிறிதாக்கி, சாய்வை 20 டிகிரிக்குள் வைத்திருப்பதில் இருக்கிறது.

தண்ணீரில் இறக்கும் நாள்

படகு, மோட்டார், பேட்டரி, நங்கூரம், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 1,500 முதல் 1,600 கிலோ வரும். 3,500 பவுண்டு (சுமார் 1,590 கிலோ) தாங்கும் டிரெய்லர் அதன் எல்லையில் ஓடுகிறது என்று பொருள். டயர் தேயாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் பக்கச்சுவர் வெடிக்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கர பேரிங்கை உடனே தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். பாய்மரத்தை நிறுத்தும் வேலையை அந்த நேரத்தில் செய்தால் பேரிங்கும் ஆறிவிடும்.

பாய்மரம் நிறுத்துவதில் உயிருக்கே ஆபத்தானது மின்கம்பி. டிரெய்லரில் நிற்கும் படகில் பாய்மர உச்சி தரையிலிருந்து 9 மீட்டருக்கு மேல் போகும். நிறுத்தும் இடத்தில் மட்டுமல்ல, அங்கிருந்து படகை நீரில் இறக்கும் சாய்தளம் வரை போகும் வழி முழுவதும் தலைக்கு மேல் பாருங்கள். மரம் பின்னோக்கிப் படுத்திருப்பதால் முன்பக்கத்துக் கீழ்க்கம்பிகளைக் கழற்றி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் இழுத்துப் பிடிக்கும். பக்கக் கம்பிகளின் முறுக்கிகள் குப்புற மாட்டிக்கொண்டு வளைந்துவிடும். மரம் ஏற ஏற இன்னொருவர் ஒவ்வொன்றையும் நேராக்க வேண்டும்.

சரிவு குறைந்த தளத்தில் படகு மிதப்பதற்குள் காரின் பின்சக்கரம் நனைந்துவிடும். நீட்டிக்கக்கூடிய இழுவைத்தண்டு உள்ள டிரெய்லர் இதற்காகவே கூடுதல் விலை பெறும்.

மிதந்ததும் கிளம்பிவிடாதீர்கள். துறையில் கட்டியபடியே படியை நகர்த்தி ஹோஸைப் பாருங்கள், சொட்டு நீர்கூட இருக்கக் கூடாது. கீலை இறக்கும்போது கைப்பிடிச் சுற்றுகளை எண்ணி விஞ்ச் அருகே எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை சுற்று குறைந்தால் கீல் எங்கோ சிக்கியிருக்கிறது என்று உடனே தெரியும்.

கடல் கடக்கும் சோதனை

படகுக்குப் பெயர் தந்த கேடலீனா தீவு, லாஸ் ஏஞ்சலஸ் துறைமுக வாயிலிலிருந்து தீவின் டூ ஹார்பர்ஸ் என்ற சிற்றூர்ப் பக்கமாகப் போனால் சுமார் 20 கடல் மைல். நாலரை நாட் வேகத்தில் நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் காற்று மந்தம், மதியத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து கடற்காற்று வலுக்கும். போகும்போது அது எதிராகவே இருக்கும். விடியும் முன் மோட்டாரில் கிளம்பிப் பாதித் தூரத்தைக் கடந்துவிடுவதே புத்திசாலித்தனம். வழியில் பெருங்கப்பல்களின் தடங்களைக் குறுக்கே வெட்ட வேண்டும். 15 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் ஒரு கடல் மைலை 4 நிமிடத்தில் விழுங்கும். மூடுபனி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பாலைவனத்திலிருந்து வீசும் சாண்டா ஆனா காற்று வடகிழக்கிலிருந்து வந்து, தீவின் ஊரான அவலான் துறையின் திறந்த வாய்க்குள் நேராக அலையைத் தள்ளும். அந்த முன்னறிவிப்பு இருக்கும் நாளில் தீவின் அந்தப் பக்கம் இரவு தங்கக் கூடாது.

இந்தக் கடவைக்குக் கீலை முழுக்க இறக்கி, பூட்டும் போல்ட்டை இறுக்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தீவுக்கரையில் ஆழம் குறைவதற்கு முன்பே போல்ட்டைத் தளர்த்த நினைவிருக்கட்டும்.

திரும்பி வந்து டிரெய்லரில் ஏற்றிய பின், நன்னீரால் பொந்தைக் கீழிருந்து பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு கீலைப் பலகை மேல் இறக்கி, கம்பிவடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அது இலேசாகத் தொய்ந்தால் மட்டும் வண்டியைக் கிளப்புங்கள்.